வரி ரீஃபண்டும் அரசு உதவித்தொகையும் கைக்கு வரும்வரை: எதை முதலில், எதை அப்புறம்

சில வருடங்களாகச் சொந்தக்காரர்களுக்கும் தெருவில் உள்ள ஓய்வூதியர்களுக்கும் வருமான வரி ரிட்டர்ன் போட உதவி வருகிறேன். வரிக் கணக்கில் தப்பு செய்து பணத்தைத் தவறவிட்டவர்கள் குறைவு. பெயரில் ஒரு எழுத்து, மூடிப்போன வங்கிக் கணக்கு, பார்க்காமல் விட்ட ஒரு மெயில், இவற்றில் மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் வரியைக் கணக்கிடுவதைப் பற்றிக் கொஞ்சமாகவும், பணம் வரும் வழியைப் பற்றி நிறையவும் எழுதியிருக்கிறேன்.

சம்பளக்காரர்கள், ஓய்வூதியர்கள், ஃபிக்சட் டெபாசிட் வட்டி வாங்குபவர்கள் ஆகியோருக்கானது இது. தணிக்கை தேவைப்படும் தொழில் நடத்துபவர்கள் ஆடிட்டரிடம் போவதே சரி.

இன்னொன்று. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. அதற்கு முந்தைய வருமானத்துக்கு 1961-ம் ஆண்டுச் சட்டம்தான். பிரிவு எண்கள் மாறுவதால், கூடியவரை எண்களைத் தவிர்த்து வேலையைச் சொல்கிறேன்.

1. பான், ஆதார், வங்கி: மூன்றையும் முதலில் இணையுங்கள்

புதிதாக வருபவர்கள் நேராக ரிட்டர்ன் படிவத்தைத் திறந்துவிடுகிறார்கள். அங்கே தொடங்காதீர்கள். ரீஃபண்ட், அதாவது கூடுதலாகப் போன வரி திரும்பி வருவது, இப்போது நேரடியாக வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. அந்தக் கணக்கு வருமான வரித் தளத்தில் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும், பான் எண்ணோடு இணைந்திருக்க வேண்டும், பான் செயல்பாட்டில் இருக்க வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் பணம் நின்றுவிடும்.

முதலில் பானும் ஆதாரும் இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தளத்தின் முகப்பிலேயே அதற்கான இடம் இருக்கிறது, லாகின் தேவையில்லை. இணைக்காதவர்களின் பான் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தது. பான் செயலிழந்திருந்தால் ரீஃபண்ட் வராது, அந்தக் காலத்துக்கு வட்டியும் கிடையாது. டிடிஎஸ் (சம்பளமோ வட்டியோ தருமுன்பே பிடித்துக்கொள்ளும் வரி) பிடித்தமும் கூடுதலாக இருக்கும். காலம் கடந்து இணைக்க 1,000 ரூபாய் கட்டணம். 80 வயது நிறைந்தவர்களுக்கும் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கும் இந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு.

அடுத்து, லாகின் செய்து புரொஃபைல் பகுதியில் 'மை பேங்க் அக்கவுண்ட்' என்பதைத் திறங்கள். கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி (வங்கிக் கிளையின் குறியீடு) கொடுத்தால் வங்கியிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளும். 'வேலிடேட்டட்' என்று வந்த பிறகு, அந்தக் கணக்கை ரீஃபண்டுக்குத் தேர்ந்தெடுக்கும் பொத்தானையும் அழுத்த வேண்டும். இந்த இரண்டாவது வேலையைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

பழைய கணக்கு அப்படியே இருக்கிறது என்று நம்பி விட்டுவிடாதீர்கள். வங்கிகள் இணையும்போது ஐஎஃப்எஸ்சி மாறும். 2020 ஏப்ரலில் 10 பொதுத்துறை வங்கிகள் 4 ஆக இணைந்த பிறகு பல கிளைகளின் எண்கள் மாறின. கிளையை மாற்றிக்கொண்டாலும் இதே கதைதான். அப்படியானால் 'ரீ-வேலிடேட்' செய்யுங்கள். பல மாதங்கள் தொடாமல் விட்ட கணக்காக இருந்தால், அது முடங்கிவிடவில்லை என்பதைக் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. இனிஷியல் விவகாரம்

இதற்குத் தனித் தலைப்பே வேண்டும். நம் ஊர்க்காரர்களின் ரீஃபண்ட் சிக்குவதற்கு இதைப் போன்ற காரணம் வேறில்லை என்பது என் அனுபவம்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். பான் விண்ணப்பத்திலோ இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். அதனால் பானில் அப்பா பெயர் முழுதாக வரும், ஆதாரில் இனிஷியல் பின்னால் ஒட்டியிருக்கும், பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால் புள்ளியோடு நிற்கும். ஒரே ஆள்தான், கணினிக்கு மூன்று பெயர்.

என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் ஆனது. ரிட்டர்ன் சரியாகவே போட்டிருந்தார், ரீஃபண்டும் கணக்கிட்டு அனுப்பப்பட்டது. பாஸ்புக்கில் இருந்த பெயர் பானோடு ஒத்துப்போகாததால் பணம் திரும்பிப் போய்விட்டது. அவர் மூன்று மாதம் கழித்துத்தான் கவனித்தார்.

செய்ய வேண்டியது இது. பானில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். பான் நகலோடு வங்கிக் கிளைக்குப் போய், கேஒய்சி (வாடிக்கையாளரின் அடையாள விவரம்) புதுப்பிக்கும் படிவத்தில் பெயரைப் பானில் உள்ளபடி மாற்றச் சொல்லுங்கள். கூடவே பான் அந்தக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆதாரிலும் பானிலும் பெரிய வித்தியாசம் இருந்தால், இணைப்பே நடக்காது. அப்போது எது தவறோ அதை முதலில் திருத்துங்கள். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும் என்பதால் ஏப்ரல், மே மாதங்களிலேயே முடித்துவிடுங்கள். ஜூலையில் தொடங்கினால் நெருக்கடி.

3. தேதிகளை எழுதி வையுங்கள், போன வருடத்துத் தேதியை நம்பாதீர்கள்

தணிக்கை தேவையில்லாத தனிநபர்களுக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. ஆனால் இது வருடத்துக்கு வருடம் நகரும். 2024-ல் நகரவில்லை. 2025-ல் செப்டம்பர் 15-க்குத் தள்ளினார்கள், அந்த நாளின் இரவில் இன்னும் ஒரே ஒரு நாள் கூட்டி 16 ஆக்கினார்கள். எப்படியும் தள்ளுவார்கள் என்று உட்கார்ந்திருப்பது ஆபத்து. ஜூலை 31-ஐயே உங்கள் நாளாக வைத்துக்கொண்டு, ஜூலை 20-க்குள் முடிக்கப் பாருங்கள். கடைசி இரண்டு நாட்களில் தளம் திணறும், ஓடிபி தாமதமாக வரும்.

தவறவிட்டால் தாமத ரிட்டர்ன் போடலாம். 2024-25 நிதியாண்டுக்கு அதன் எல்லை 2025 டிசம்பர் 31. தாமதக் கட்டணம் 5,000 ரூபாய், மொத்த வருமானம் 5 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு 1,000 ரூபாய்.

கட்டணத்தைவிடப் பெரிய இழப்பு வேறு இருக்கிறது. தாமதமாகப் போட்டால் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. வீட்டுக் கடன் வட்டி, காப்பீடு, பிஎஃப் என்று கழிவுகளை நம்பி ரீஃபண்டை எதிர்பார்த்தவருக்கு, அந்தக் கழிவுகள் பெரும்பாலும் போய்விடும். ரீஃபண்டுக்குப் பதில் வரி கட்டும் நிலைகூட வரலாம். பங்குச் சந்தை நஷ்டத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகும் உரிமையும் போகும்.

அதற்கும் அப்புறம் அப்டேட்டட் ரிட்டர்ன் என்று ஒன்று உண்டு, 2025 நிதிச் சட்டம் அதன் காலத்தை 48 மாதங்களாக நீட்டியது. இதைக் கேட்டுவிட்டு, "நாலு வருஷம் இருக்கே, மெதுவாக ரீஃபண்ட் கேட்டுக்கொள்ளலாம்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அது தவறு. அந்த வழி கூடுதல் வரி கட்டுபவர்களுக்கு மட்டும்தான். அதில் ரீஃபண்ட் கேட்கவோ கூட்டவோ முடியாது.

4. ஜூன் நடுப்பகுதிவரை பொறுங்கள்

ஏப்ரலிலேயே ரிட்டர்ன் போட்டால் பணம் சீக்கிரம் வரும் என்று சிலர் அவசரப்படுகிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரையிலான டிடிஎஸ் கணக்கை நிறுவனங்களும் வங்கிகளும் தாக்கல் செய்ய மே 31 வரை அவகாசம் இருக்கிறது. ஃபார்ம் 16 (சம்பளத்துக்கும் அதில் பிடித்த வரிக்கும் நிறுவனம் தரும் சான்று) தர ஜூன் 15 வரை. அதற்கு முன் நீங்கள் பார்க்கும் 26ஏஎஸ் (உங்கள் பான் எண்ணில் ஏறிய வரிப் பிடித்தங்களின் பட்டியல்) முழுமையாக இருக்காது. அதில் ஏறாத பிடித்தத்தை நீங்கள் ரிட்டர்னில் காட்டினால், துறையின் கணினி அதை ஏற்காது.

ஜூன் 15-க்குப் பிறகு நான்கு தாள்களை மேசையில் பரப்பி வையுங்கள்: ஃபார்ம் 16, வங்கியின் வட்டிச் சான்று, 26ஏஎஸ், ஏஐஎஸ் (உங்கள் வருமானம், பரிவர்த்தனைகள் பற்றித் துறைக்கு வந்த விவரங்களின் தொகுப்பு). கடைசி இரண்டும் வருமான வரித் தளத்திலேயே கிடைக்கும். நான்கையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எதற்காக என்றால், துறையின் கையில் இருப்பது 26ஏஎஸ்ஸும் ஏஐஎஸ்ஸும்தான். நீங்கள் விட்ட வட்டி அதில் இருந்தால் அவர்களுக்குத் தெரியும்.

சேமிப்புக் கணக்கு வட்டியை விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தப்பு. பிடித்தம் இல்லாத வட்டிக்கு வரி இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். சேமிப்புக் கணக்கு வட்டியில் பிடித்தமே கிடையாது, ஃபிக்சட் டெபாசிட் வட்டியிலும் 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 50,000 ரூபாயும், மூத்த குடிமக்களுக்கு 1 லட்சமும் தாண்டினால்தான் பிடித்தம். ஆனால் பிடிக்காவிட்டாலும் அது வருமானம்தான்.

பிடித்தம் செய்தார்கள், 26ஏஎஸ்ஸில் இல்லை என்றால்? பிடித்தவரிடம்தான் கேட்க வேண்டும். அவர் கணக்கைத் தாக்கல் செய்யாமல் இருக்கலாம், உங்கள் பான் எண்ணில் ஒரு எழுத்து மாறியிருக்கலாம். அவர் திருத்தினால்தான் உங்களுக்கு வரும்.

5. படிவத்தை நிரப்பும்போது

நிரப்புவது இன்று அவ்வளவு கடினமில்லை, பெரும்பாலான விவரங்கள் தானாகவே வந்துவிடும். இரண்டு விஷயங்களை மட்டும் வலியுறுத்துகிறேன்.

வேறு ஒருவர் போட்டுத் தந்தாலும் கைபேசி எண்ணும் மெயில் முகவரியும் உங்களுடையதாகவே இருக்கட்டும். முகவர் தன் எண்ணைப் போட்டுவிட்டால், துறை அனுப்பும் ஒவ்வொரு கடிதமும் அவருக்கே போகும். பதில் சொல்லும் கெடு முடிந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும்.

"ரீஃபண்டில் இத்தனை சதவீதம் கொடுங்கள், பெரிய தொகையாக வாங்கித் தருகிறேன்" என்பவரிடம் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். கொடுக்காத நன்கொடை, கட்டாத வாடகை, எடுக்காத காப்பீடு என்று எழுதித்தான் அவர்கள் தொகையை ஏற்றுகிறார்கள். 2025 ஜூலையில் இப்படிப்பட்ட பொய்க் கழிவுகளுக்காக நாடு முழுவதும் 150 இடங்களில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. பிடிபட்டால் வரியும் வட்டியும் போக, தவறாகக் காட்டியதற்கான வரியில் 200 சதவீதம் வரை அபராதம். கையெழுத்து உங்களுடையது, அதனால் பொறுப்பும் உங்களுடையது.

12 லட்சம் வரை வரி இல்லை, எனக்கு எதற்கு ரிட்டர்ன் என்று கேட்பவர்களுக்கு: உங்களிடம் பிடித்தம் செய்திருந்தால், ரிட்டர்ன் போட்டால் மட்டுமே அது திரும்பி வரும். தானாக வராது.

6. இ-வெரிஃபை: 30 நாள்

'சப்மிட்' அழுத்தியதும் எல்லாம் முடிந்ததாக நினைத்துத் தளத்தை மூடிவிடுகிறார்கள். முடியவில்லை. இ-வெரிஃபை செய்யாத ரிட்டர்ன், கையெழுத்துப் போடாத விண்ணப்பத்துக்குச் சமம். 2022 ஆகஸ்ட் முதல் இதற்கு 30 நாள் அவகாசம்தான். முன்பு 120 நாள் இருந்ததை மனதில் வைத்துக்கொண்டு இன்றும் சிலர் ஏமாறுகிறார்கள்.

30 நாள் கடந்து செய்தால், செய்த நாளே தாக்கல் செய்த நாளாகக் கொள்ளப்படும். ஜூலையில் போட்டவர் செப்டம்பரில் வெரிஃபை செய்தால் தாமத ரிட்டர்ன் ஆகிவிடலாம். மேலே சொன்ன அத்தனை இழப்பும் வந்து சேரும்.

ஆதார் ஓடிபி எளிய வழி, அதற்கு ஆதாரில் இப்போதைய கைபேசி எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் நெட்பேங்கிங் வழியாகச் செய்யலாம். அதுவும் முடியாதவர்கள் ஐடிஆர்-வி என்ற ஒப்புகைப் படிவத்தில் கையெழுத்திட்டு பெங்களூருவில் உள்ள மத்திய செயலாக்க மையத்துக்கு விரைவுத் தபாலில் அனுப்பலாம். உட்கார்ந்த இடத்திலேயே, போட்ட அதே நிமிடத்தில் வெரிஃபை செய்துவிடுவதுதான் நல்லது.

7. நிலையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

'இ-ஃபைல்' பகுதியில் தாக்கல் செய்த ரிட்டர்ன்களின் பட்டியல் இருக்கும். வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். தினமும் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை, பார்க்காமலே இருக்கவும் கூடாது.

'அண்டர் பிராசசிங்' என்றால் காத்திருங்கள். சட்டப்படி, தாக்கல் செய்த நிதியாண்டு முடிந்து 9 மாதம் வரை துறைக்கு நேரம் உண்டு. 2025 ஜூலையில் போட்ட ரிட்டர்னுக்கு அந்த எல்லை 2026 டிசம்பர் 31. எளிய ரிட்டர்ன்கள் இதைவிட மிகச் சீக்கிரம் முடிந்துவிடும், எல்லை மட்டும் தெரிந்திருக்கட்டும்.

'ரீஃபண்ட் ஃபெயில்டு' என்றால் கணக்கில் கோளாறு. இங்கே நடக்கும் தவறு, உடனே மறு விண்ணப்பம் கொடுப்பது. கோளாறு சரியாகாமல் கேட்டால் பணம் மறுபடியும் திரும்பும். முதலில் 1, 2-ம் பகுதிகளில் சொன்னதைச் சரிசெய்யுங்கள். கணக்கு 'வேலிடேட்டட்' ஆனபின் 'சர்வீசஸ்' பகுதியில் 'ரீஃபண்ட் ரீ-இஷ்யூ' கோரிக்கை கொடுங்கள், அதையும் இ-வெரிஃபை செய்யுங்கள்.

தாமதத்துக்கு வட்டி உண்டு, மாதத்துக்கு 0.5 சதவீதம். பிடித்தத்தால் வரும் ரீஃபண்டுக்கு, உரிய நாளுக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால் ஏப்ரல் 1 முதல் கணக்கு. 24,000 ரூபாய் செப்டம்பரில் வந்தால் 6 மாத வட்டி 720 ரூபாய். தாமதமாகப் போட்டவருக்குத் தாக்கல் செய்த நாளிலிருந்துதான். ரீஃபண்ட் தொகை உங்கள் மொத்த வரியில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் வட்டி இல்லை. ரீஃபண்டுக்கு வரி கிடையாது, வட்டிக்கு உண்டு. அந்த 720-ஐ அடுத்த ரிட்டர்னில் காட்ட மறக்காதீர்கள்.

8. கடிதம் வந்தால் திறந்து படியுங்கள்

ரிட்டர்ன் செயலாக்கம் முடிந்ததும் மெயிலில் ஒரு பிடிஎஃப் வரும். பாஸ்வேர்டு, பான் எண் சிறிய எழுத்தில், அதை ஒட்டிப் பிறந்த தேதி எட்டு இலக்கத்தில். நீங்கள் காட்டியது ஒரு பத்தியிலும் துறை கணக்கிட்டது அடுத்த பத்தியிலும் இருக்கும். எந்த வரியில் முதல் வித்தியாசம் வருகிறது என்று தேடுங்கள், அதற்குக் கீழே உள்ள வித்தியாசங்கள் பெரும்பாலும் அதன் விளைவுதான். துறையின் கணக்கில் பிழை இருந்தால் திருத்தக் கோரிக்கை கொடுக்கலாம்.

குறைபாடுள்ள ரிட்டர்ன் என்று நோட்டீஸ் வந்தால் 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ரிட்டர்னே போடாததாகக் கருதிவிடலாம்.

பழைய வருடத்துப் பாக்கிக்கு இந்த ரீஃபண்டைக் கழித்துக்கொள்ளப் போகிறோம் என்று வரும் கடிதத்துக்கு 21 நாள். வயதானவர்கள் பலருக்கு, எப்போதோ கட்டிய வரி சரியாகப் பதிவாகாமல் பாக்கியாக நிற்கும். 'பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்' பகுதியில் போய், ஒத்துக்கொள்ளவில்லை என்றால் காரணத்தோடும் சலான் நகலோடும் பதிலிடுங்கள். பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டு கழித்துவிடுவார்கள்.

எல்லாக் கெடுவும் முடிந்துபோன பழைய ரீஃபண்டுக்கும் ஒரு வழி இருக்கிறது. தாமதத்தை மன்னிக்கக் கோரும் விண்ணப்பம் அது. 2024 அக்டோபர் 1 சுற்றறிக்கையின்படி, அந்த மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 5 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். உண்மையான காரணமும் அதற்கான ஆவணமும் தேவை. மருத்துவமனையில் படுத்திருந்தேன் என்றால் டிஸ்சார்ஜ் தாள் வேண்டும்.

9. அரசு உதவித்தொகை: வேறு வழி, வேறு பூட்டு

ரீஃபண்ட் வரும் கணக்குக்குத்தான் உதவித்தொகையும் வரும் என்று நினைக்காதீர்கள். ரீஃபண்டுக்குக் கணக்கு எண்ணை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஆதார் வழியாக அனுப்பப்படும் உதவித்தொகை, கடைசியாக எந்த வங்கி உங்கள் ஆதாரைத் தேசிய பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் பட்டியலில் ஏற்றியதோ அங்கே போகும். கேஒய்சிக்காக ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, இந்தப் பட்டியலில் ஏற்றுவது வேறு. "ஆதார் கொடுத்துட்டேனே" என்று சொல்பவர்களுக்குப் பணம் வராமல் போவது இதனால்தான்.

பணம் வரவில்லை என்றால் மனு எழுதுவதற்கு முன், ஆதார் தளத்தில் ஓடிபி கொடுத்து 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள். எந்த வங்கி என்று காட்டும். எப்போதோ திறந்து மறந்துபோன ஒரு கணக்கில் ஐந்து மாதத் தொகை சேர்ந்திருந்ததை இப்படித்தான் ஒரு அத்தைக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

பிஎம் கிசான் வருடத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. அதற்கு இ-கேஒய்சியும் நிலப் பதிவு சரிபார்ப்பும் சேர்த்து முடிந்திருக்க வேண்டும். கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர்களுக்கு அந்தத் திட்டம் கிடையாது, தவறாக வாங்கினால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கியபோதும், ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டும் குடும்பங்கள் விலக்கப்பட்டன. நிராகரிக்கப்பட்டவர்கள் 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். அந்த 30 நாளைத் தவறவிட்ட பலரை எனக்குத் தெரியும். நிராகரிப்புச் செய்தியில் உள்ள காரணத்தை அன்றே படித்து, அதற்கு எதிரான ஆவணத்தை அந்த வாரமே தேடுங்கள்.

பேரிடர் நிவாரணம் வங்கிக்கு வராமலும் போகலாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு 6,000 ரூபாய் ரேஷன் கடையில் டோக்கன் முறையில் ரொக்கமாகத் தரப்பட்டது. குடும்ப அட்டையில் முகவரியும் கைபேசி எண்ணும் இப்போதையதாக இருக்கட்டும். மழைக்காலத்துக்கு முன் இதைச் சரிபார்த்துவிடுங்கள், வெள்ளம் வந்த பிறகு எந்தக் கவுன்டரிலும் இடம் கிடைக்காது.

10. பணத்துக்குக் காத்திருக்கும்போது வரும் பொய்ச் செய்திகள்

ஜூலைக்குப் பிறகு, "உங்கள் ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டது, கணக்கைச் சரிபார்க்க இங்கே அழுத்தவும்" என்று குறுஞ்செய்தி வரும். தொகையும் நம்பும்படி இருக்கும். வருமான வரித்துறை கார்டு எண், பின் எண், ஓடிபி எதையும் மெயிலிலோ போனிலோ கேட்பதில்லை. ரீஃபண்ட் வாங்க எந்த இணைப்பையும் அழுத்த வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் செய்தியில் உள்ள இணைப்பை விட்டுவிட்டு, இன்கம்டாக்ஸ் டாட் ஜிஓவி டாட் இன் என்று நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள். உண்மையான செய்தி என்றால் அங்கேயும் இருக்கும். துறையின் உதவி எண் 1800 103 0025.

ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930-ஐ அழையுங்கள், பிறகு வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் நிறுத்திவைக்க வேண்டும் என்பதால், முதல் சில மணி நேரம்தான் முக்கியம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த நான்கு இலக்கத்தை அவர்கள் போனில் இன்றே பதிந்து கொடுங்கள்.